செயின்ட் லூயிஸ் கப்பலின் கோப்புகளைத் தேடிப் படித்த அனுபவம்

அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு ரொறன்ரோவில் வாழ்பவன் நான். இதே கனடா 1939 இல், ஜெர்மனியிலிருந்து செயின்ட் லூயிஸ் கப்பலில் தப்பி வந்த யூத அகதிகளுக்கு ஏன் இடம் கொடுக்க மறுத்தது என்பதை மூல ஆவணங்களிலேயே படிக்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கடந்த குளிர்காலத்து வார இறுதிகள் முழுவதும் அதற்கே போயின.

பிரதமர் மாக்கென்சி கிங்கின் நாட்குறிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. திகதியைக் கொடுத்தால் பக்கம் திறக்கும். அவசரத்தில் நேரே 1939 ஜூன் மாதத்துக்குப் போய்விட்டேன். அது பிழையான தொடக்கம். கிங்கின் மனம் எப்போதோ மூடிவிட்டது என்பதைக் காட்டும் பக்கம் 1938 மார்ச் 29 இல் இருக்கிறது. கண்டத்தின் இந்தப் பகுதியை அமைதியின்மையிலிருந்தும், அந்நிய இரத்தம் அளவுக்கு மீறிக் கலப்பதிலிருந்தும் காக்க வேண்டும் என்று, ஒழுங்காகத் தட்டச்சிட்ட வரிகளில், கிங் பதிந்திருக்கிறார். அன்றைக்கு அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை.

ஹம்பர்க்கிலிருந்து 937 பயணிகளுடன் 1939 மே 13 அன்று புறப்பட்ட அந்தக் கப்பலில், கியூபாவின் ஹவானாவில் 29 பேர் மட்டுமே இறங்க முடிந்தது, அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஜூன் 7 அன்று வரலாற்றாசிரியர் ஜார்ஜ் ராங் முதலான கனேடியர்கள், எஞ்சிய பயணிகளுக்குப் புகலிடம் தருமாறு கிங்கிடம் தந்தி மூலம் வேண்டினார்கள். நீதி அமைச்சர் லாபோயிண்ட் கடுமையாக எதிர்த்தார். குடிவரவுக் கிளையின் இயக்குநர் பிரடெரிக் பிளேயர், எங்கேயாவது ஒரு கோடு கிழித்தாக வேண்டும் என்றார்.

எனக்குப் பிடிபட அதிக காலம் எடுத்தது 1931 ஆம் ஆண்டின் குடிவரவு ஆணைதான். பிரித்தானியரும் அமெரிக்கரும் இங்கு வாழ்வோரின் மனைவி பிள்ளைகளும் நீங்கலாக, கையில் பணமுள்ள விவசாயிகளுக்கே அது வழிவிட்டது. உயிருக்கு ஆபத்து என்பது அதில் ஒரு தகுதியே அன்று. என்னுடைய விசாரணையிலோ, திரும்பிப் போனால் உனக்கு என்ன நேரும் என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பி, ஜூன் 17 அன்று பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப்பை அடைந்தது. பயணிகளை நான்கு நாடுகள் பிரித்து ஏற்றன; பின்னர் ஜெர்மனி மேற்கு ஐரோப்பாவைக் கைப்பற்றியபோது சிக்கியவர்களில் 254 பேர் மாண்டார்கள். கனடாவின் மன்னிப்பு 2018 நவம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் கேட்கப்பட்டது.

தேட விரும்புபவர்கள் முதலில் 1931 ஆணையைப் படியுங்கள்; அதன் பிறகு 1938 மார்ச் பக்கங்கள், கடைசியாக ஜூன்.