பிப்ரவரியில் கால்ஷீட் இல்லை

ஜனவரி கடைசி முதல் மார்ச் முடியும் வரை நான் யாருக்கும் கால்ஷீட் கொடுப்பதில்லை. "வெளிநாட்டு ஷூட்டிங்கா அண்ணே?" என்று மேனேஜர் தம்பிகள் கேட்பார்கள். இல்லப்பா, தேன் எடுக்கணும் என்றால் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது.

கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தேனில் பெரும்பங்கு ரப்பர் மரத்திலிருந்து வருகிறது, அதுவும் பூவிலிருந்து அல்ல. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிரும். அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். ஒரு காம்பில் மூன்று இலைகள் சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் உண்டு. தளிர் விரிந்து முற்றுகிற அந்தச் சில வாரங்கள் அவற்றில் தேன் ஊறிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் தேனீப் பெட்டியின் மேலறையைத் திறந்து பார்த்து, மூடிய தேனடைகளை எடுத்து, தேன் பிரிக்கிற கருவியில் சுற்றி, காலிச் சட்டங்களைத் திரும்ப வைத்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தேனீக்களுக்கு இடமில்லாமல் போகும், கூட்டம் பிரிந்து பக்கத்துத் தோட்டத்துப் பலாமரத்தில் போய்த் தொங்கும். ஜூனில் மழை பிடித்துக்கொண்டால் நிலைமை நேரெதிர். சர்க்கரைப் பாகு காய்ச்சி நாம்தான் அதுகளுக்குச் சோறு போட வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு இது தாத்தா காலத்துத் தொழில். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் நடத்தினார். அங்கே தேனீ வளர்க்கக் கற்றுக்கொண்டவர்களைப் பார்த்துத் தாத்தா பெட்டி வைத்தார், அவரிடமிருந்து அப்பாவுக்கு வந்தது. 1991, 92இல் தாய் சாக்புரூட் என்கிற வைரஸ் வந்து தேனீப் புழுக்களெல்லாம் பை மாதிரி வீங்கிச் செத்தன. இந்த வட்டாரத்தில் பெட்டி வைத்திருந்தவர்களில் அடிபடாதவர்கள் குறைவு. அப்பா காலிப் பெட்டிகளைக் கழுவி, விறகுப்புரையில் அடுக்கிவிட்டு, ரப்பர் வெட்டப் போனார். அப்போது நான் பள்ளிக்கூடம். மாலையில் தேன் வேலை இல்லாததால் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் போனேன். ஏரோது ராஜா வேஷம். இன்றைக்கும் எங்கள் சபையில் இரண்டு பெரியவர்கள் என்னை ஏரோது என்றே கூப்பிடுகிறார்கள். இத்தனை படத்துக்குப் பிறகும் ஊரில் என் பெரிய பாத்திரம் அதுதான்.

பிறகு நடிக்கப் போய்ச் சென்னையில் இருந்தது சாலிகிராமத்தில். போலீஸ் ஏட்டு, ஆஸ்பத்திரி டாக்டர், கதாநாயகியின் சித்தப்பா, இதே வரிசைதான் மாறி மாறி வரும். அந்த வேடங்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. ஏட்டு சரியாகச் சல்யூட் அடிக்கவில்லை என்றால் இன்ஸ்பெக்டர் எவ்வளவு நன்றாக நடித்தும் பிரயோசனமில்லை. குறை வேறு இடத்தில். வேலை இல்லாத நாளிலும் வேலைக்காகக் காத்திருப்பதே வேலையாகிவிடும். ஊருக்குப் போனால் கூப்பிடுவார்களோ என்று தீபாவளிக்குக்கூடப் போகாமல் அறையில் கிடந்திருக்கிறேன். ஒரு கம்பெனி பாக்கிச் சம்பளம் இன்னும் தரவில்லை. அதைப் பேசினால் பதிவு நீளும், விடுங்கள்.

ஒரு சீரியல் வந்தது. மாசம் 15 நாள் கால்ஷீட், கதாநாயகனின் அப்பா வேடம், பணமும் நல்ல பணம். வேண்டாம் என்று சொன்னபோது அம்மா போனில், "மக்களே, உள்ளதை விட்டுட்டு என்னத்தப் பிடிக்கப் போற?" என்றாள். கலைக்காக விட்டேன் என்று பேட்டியில் சொன்னால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. அப்பாவுக்கு முட்டு வலி, மேட்டுத் தோட்டத்தில் ஏற முடியவில்லை. எனக்கும் ஊரில் இருக்க ஆசை. இரண்டும் சேர்ந்து வந்தது, பெட்டி படுக்கையோடு குழித்துறை ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன்.

மண்ணுக்குத் திரும்பிய நடிகர் என்று பத்திரிகைகளில் படம் போடும்போது ஒரு விஷயத்தை எழுத மறந்துவிடுகிறார்கள். அந்த வீட்டில் மாதாமாதம் சம்பளம் வாங்குகிற இன்னொருவர் இருப்பார். என் வீட்டில் அது என் மனைவி, பள்ளி ஆசிரியை. அவள் சம்பளம் இல்லையென்றால் நான் அந்தச் சீரியலில் அப்பாவாகவே நரைத்திருப்பேன்.

ஊருக்கு வந்து தேன் பெட்டிகளோடு இருக்க ஆரம்பித்தபின் ஒரு வேடிக்கை நடந்தது. சென்னை ஒரு ராத்திரிப் பயணம், திருவனந்தபுரம் பஸ்ஸில் போய் வருகிற தூரம். மலையாளப் படங்களில் கூப்பிட ஆரம்பித்தார்கள். இங்கே பிறந்தவனுக்கு மலையாளம் தனியாகப் படிக்க வேண்டியதில்லை, காதிலேயே கிடக்கும். ஆனால் சென்னை டப்பிங்கில் "மலையாள வாடை அடிக்குது சார்" என்பார்கள், அங்கே போனால் தமிழ் வாடை என்பார்கள். லைவ் சவுண்டில், அதாவது ஷூட்டிங்கிலேயே குரலையும் சேர்த்துப் பிடிக்கிறவர்களிடம் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. எல்லைக்காரனை எல்லைக்காரனாகவே பேசச் சொல்லிவிடுகிறார்கள். செக்போஸ்ட் காட்சியென்றால் என் போன் அடிக்கும்.

நாகர்கோவில் பக்கத்து நடிகன் என்றால் யாரும் உடனே ஒழுகினசேரி கலைவாணரைச் சொல்வார்கள். என்.எஸ்.கே. பெயரைக் கேட்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். பாய்ஸ் நாடகக் கம்பெனியில் அடிபட்டு மேலே வந்த மனிதர் எங்கே, பிப்ரவரியில் லீவு கேட்கிற நான் எங்கே.

ஷூட்டிங்குக்கு மூன்று நாள் முன்னால் பெட்டி திறப்பதில்லை, அது என் சட்டம். நம் நாட்டுத் தேனீ சாதுதான், சிரட்டைப் புகை காட்டினால் அடங்கிவிடும். ஆனால் இமையில் ஒன்று கொட்டினால் போச்சு, நேற்றைய ஷாட்டில் இருந்த முகமும் இன்றைய முகமும் வேறு வேறு ஆளுடையது. மேக்கப்மேனால் கறுப்பாக்க முடியும், நரைக்க வைக்க முடியும், வீக்கத்தை இறக்க முடியாது.

ஆடிஷனில் ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு அறைக்குள் நுழையும்போதே இது கிடைத்தால் வாடகை கட்டலாம் என்று கணக்கு ஓடும், அது முகத்திலும் தெரியும். இப்போது கணக்கு ஓடுவதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மெதுவாக ஓடுகிறது. வேண்டாம் என்றும் சொல்ல முடிகிறது. போன வருஷம் கதாநாயகியை அறைகிற அப்பா வேடத்தை அப்படித்தான் விட்டேன்.

இந்த வருஷம் தளிர் கொஞ்சம் தாமதம். மார்ச் கடைசியில் கொச்சியில் ஒரு படத்துக்குக் கேட்கிறார்கள், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் வேடம், ஒரே ஒரு நீளமான காட்சி. தேதியை ஏப்ரலுக்குத் தள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறேன். இயக்குநர் சின்னப் பையன், "சேட்டா, எனக்கு ரெண்டு பாட்டில் வேணும்" என்றார். ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், சர்க்கரை கலந்ததாக நினைத்துவிடாதே, வெயிலில் வைத்தால் இளகிவிடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். தேதி பற்றி இன்னும் பதில் வரவில்லை.