அந்தப் பதிமூன்று நிமிஷம்

எங்கள் வீட்டில் நான்கு கறுப்பு டிரங்குப் பெட்டிகள் இருக்கின்றன. மூடிமேல் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர், போக வேண்டிய ஊர். ஒவ்வொரு போஸ்டிங்குக்கும் பழைய ஊர்ப் பெயரின் மேல் கறுப்பு அடித்துவிட்டுப் புது ஊரை எழுதுவார் பட்டாளத்தில் இருக்கிற என் வீட்டுக்காரர். வெயிலில் சாய்த்துப் பிடித்தால் அடியில் இருக்கிற எழுத்தெல்லாம் மேடாகத் தெரியும். பஞ்சாப் பதான்கோட் மேல் அஸ்ஸாம் தேஜ்பூர், தேஜ்பூர் மேல் செகந்திராபாத். இரண்டாவது பெட்டிக்கு மட்டும் மூடியின் உள்பக்கமும் கறுப்பு அடித்திருக்கிறோம். அதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு போர்டு. காலையில் அந்த மூடியைத் திறந்து சுவரில் சாய்த்தால் பாடம் ஆரம்பம்.

மூன்று பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினான்கு முடியப்போகிறது. நடுவனுக்குப் பத்து, சின்னவளுக்கு ஆறு. மூன்று வருஷத்துக்கு மேலாக வீட்டில்தான் படிக்கிறார்கள். முதல் இரண்டு வருஷம் செகந்திராபாத் குவார்ட்டர்ஸில். போன வருஷம் அவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வந்தது. அங்கே குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அதனால் இப்போது கணியம்பாடிப் பக்கம் எங்கள் மாமியார் வீட்டில் இருக்கிறோம்.

இந்தப் பக்கத்தில் பட்டாளம் புதிது இல்லை. பக்கத்திலிருக்கிற கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தாத்தா, மகன், பேரன் என்று தலைமுறை தலைமுறையாகப் போகிற ஊர். ஆனால் அந்தக் காலத்தில் ஆம்பளை மட்டும் காட்பாடியில் ரயிலேறுவார், பெண்டு பிள்ளைகள் ஊரிலேயே இருப்பார்கள். நான் கூடவே போனேன். அப்பா வீட்டில் இருக்கிற வருஷங்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை. பள்ளிக்கூடம்தான் கூடவே வரவில்லை.

கேந்திரிய வித்யாலயாவில் மாற்றலாகிப் போகிற மத்திய அரசு ஊழியர் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். ராணுவப் பள்ளிகளும் இருக்கின்றன. எங்கள் லைனில் இருந்த பிள்ளைகள் பலர் அங்கே படித்து நன்றாக வந்திருக்கிறார்கள், அதை நான் மறுக்கவே மாட்டேன். எங்களுக்கு நடந்தது வேறு. தேஜ்பூரிலிருந்து செகந்திராபாத்துக்கு ஜனவரி மாதம் மூவ் வந்தது. பாதி வருஷத்தில் இடம் தேடி ஒரு பள்ளியில் சேர்த்தோம். ‘பாடம் நிறைய ஓடிவிட்டது, ஒரு வகுப்பு கீழே போடுகிறோம்’ என்று பெரியவளை இறக்கிவிட்டார்கள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. நடுவன் அப்போது இரண்டாம் வகுப்பு. அது அவனுக்கு மூன்றாவது பள்ளி. வீட்டில் வாய் ஓயாதவன் வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று டீச்சர் சொன்னார். கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்கு முந்தின மாதம் லீவில் ஊருக்கு வந்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. எங்கள் அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேத்தி படித்தவள் ஆயிற்றே என்று ஆசையாகப் பெரியவளிடம் நீட்டினார். “யாரு வூட்டுக் கல்யாணம்னு படிச்சி சொல்லு கண்ணு.” அவளுக்கு இந்தி வரும், இங்கிலீஷ் வரும், பதான்கோட்டில் இருந்தபோது குர்முகி எழுத்துகூடக் கொஞ்சம் பழகியிருந்தாள். தமிழில் ‘அ’வைத் தாண்டவில்லை. பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டார். ஆயாவும் பேத்தியும் ஒரே பத்திரிகையை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தது என் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

செகந்திராபாத்தில் அந்த வருஷப் பரீட்சை முடிந்ததும் டி.சி. வாங்கிவிட்டோம்.

பயமில்லாமல் செய்தேன் என்று சொன்னால் பொய். சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயதிலிருந்து 14 வயது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை என்று எதுவும் அதில் எழுதியிருக்கவில்லை. வீட்டுக் கல்வி என்கிற பேச்சே அதில் கிடையாது. அடுத்து என்ன சர்டிபிகேட் என்ற கேள்வி. அதற்கு தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள், 1989-ல் ஆரம்பித்தது. 14 வயது ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பதிந்துகொள்ளலாம். ஐந்து பாடம் தேறினால் போதும். ஒரு தடவை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்பு. எங்களை மாதிரி எப்போது பெட்டி கட்டுவோம் என்று தெரியாதவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பெரியவளுக்கு இந்த வருஷம் பதிவு செய்யப்போகிறேன்.

அத்தை இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. “இன்னாம்மா இது, புள்ளைங்கள வூட்லயே வெச்சிக்கினு. ஊரு இன்னா பேசும்?” என்று தினமும் ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். ஆனால் சாயங்காலம் பெரியவள் நாளிதழை எடுத்து வாசலில் உட்கார்ந்தால், முதல் ஆளாகப் பக்கத்தில் வந்து உட்காருவதும் அவர்தான்.

மூன்று பேருக்கு மூன்று வகுப்புப் பாடத்தை ஒருத்தியே நடத்த முடியாது. முதல் ஆறு மாதம் அப்படித்தான் செய்து பார்த்தேன், தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். சின்னவள் அப்போது கைக்குழந்தை மாதிரி காலைக் கட்டிக்கொண்டிருப்பாள். பிறகுதான் ஒரு வழி பிடிபட்டது. எடுத்துக்கொள்கிற விஷயம் மூவருக்கும் ஒன்று. அவரவர் எட்டுகிற ஆழத்துக்கு இறங்க வேண்டியது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்கிறேன். வேலூர் வெயிலுக்குப் பயந்து ஆறு மணிக்கே உட்கார்ந்துவிடுவோம். ஒன்பதரைக்குக் களியும் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பும். அதற்குமேல் எழுத்து வேலை கிடையாது.

தமிழை மூவரும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தொடங்கினார்கள். நடுவன் ஒருநாள் மூடியில் ‘கங்கை’ என்று எழுதிவிட்டு அப்படியே நின்றான். “ம்மா, இந்தில நாலு க இருக்கு. நம்மகிட்ட ஒண்ணுதான். அப்போ இது எந்த க?” நீயே சொல்லிப் பார் என்றேன். பல தடவை வாய்விட்டுச் சொன்னான். முதல் எழுத்து அழுத்தமாக வருகிறது, ங-வுக்குப் பிறகு வருவது மெல்லிசாகிவிடுகிறது என்று அவனே கண்டுபிடித்தான். அப்புறம் ‘பங்கு’, ‘தங்கம்’, ‘சங்கு’ என்று மூடி நிறைய எழுதித் தள்ளினான். வகுப்பில் பேசவே மாட்டான் என்று சொன்ன பையன்!

ஜூலை மாதம் வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து அதன் சிப்பாய்களே கலகம் செய்த இடம். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகைதான் கட்ட வேண்டும் என்று வந்த உத்தரவு அவர்களைக் கொதிக்க வைத்தது. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள் காவலில் இருந்தார்கள். மைசூர்க் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி என்கிற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே அடக்கிவிட்டான். சின்னவளுக்கு அகழியும் தண்ணீரும் போதும். நடுவன் ஆற்காட்டிலிருந்து குதிரை வர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போட்டான். பெரியவள்தான் கேட்டாள், “அவங்களும் அப்பா மாதிரி சம்பளம் வாங்குன சிப்பாய்ங்கதானே? உத்தரவ மீறலாமா?” பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி நான், இதற்கு என்ன பதில் சொல்வது? ‘யார் கொடுத்த உத்தரவு, யாருக்காகக் கொடுத்த உத்தரவு என்று பார்’ என்று மட்டும் சொன்னேன். மக்கான் பக்கத்தில் அந்தச் சிப்பாய்களுக்கு வைத்த நினைவுத்தூண் வரைக்கும் நடந்தோம். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி இரண்டு பக்கம் எழுதினாள், தமிழில்.

சித்திரை பிறந்த மறுநாள், ஏப்ரல் 15, விரிஞ்சிபுரம் போனோம். பெங்களூர் ரோட்டில், பாலாற்றங்கரையில் மார்க்கபந்தீஸ்வரர் கோயில். விரிஞ்சிபுரம் மதிலழகு என்பார்கள், மதில் அழகுதான். ஆனால் நாங்கள் போனது அங்கே இருக்கிற மணிகாட்டும் கல்லுக்காக. அரைவட்டமாகச் செதுக்கி, கோடு போட்டு, எண்களும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மேலே இருக்கிற பள்ளத்தில் குச்சியை வைத்தால் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. நடுவன் ஒரு தென்னை ஈர்க்கை முறித்து வைத்தான். நிழல் பத்து மணிக் கோட்டைத் தொட்டபோது என் செல்போனைப் பார்த்தான். பத்து அடித்து ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“கல்லு தப்பு” என்றாள் சின்னவள்.

“செல்லு தப்பா இருந்தா?” என்றான் இவன்.

இரண்டும் சரி என்று நான் சொன்னதும் மூவரும் என்னை ஏமாற்றுக்காரியைப் போலப் பார்த்தார்கள். கோயில் நிழலில் உட்கார்ந்து பெரியவளிடம் நோட்டைக் கொடுத்தேன். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியென்றால் ஒரு பாகைக்கு 4 நிமிஷம். நம் நாட்டு மணி மொத்தமும் மிர்சாபூர் பக்கமாகப் போகிற 82.5 பாகை தீர்க்கரேகைக் கோட்டுக்கு வைத்தது. வேலூர் ஏறக்குறைய 79.1-ல் இருக்கிறது. கழித்துப் பெருக்கினாள். பதிமூன்றரை நிமிஷம் வந்தது. சூரியன் அந்தக் கோட்டைத் தாண்டி நம் தலைக்குமேல் வருவதற்கு ஆகிற நேரம். கல் காட்டியது நம்மூர் மணி, செல்போன் காட்டியது நாட்டு மணி. வருஷத்தில் எல்லா நாளும் இது இப்படி ஒத்துப்போகாது, சூரியக் கணக்கு சில மாதங்களில் முன்னும் பின்னும் போகும். ஏப்ரல் நடுவில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். அதற்காகத்தான் அந்த நாளாகப் பார்த்துப் போனேன்.

அப்போதுதான் நடுவன் சட்டென்று எழுந்து நின்றான். “ம்மா! தேஜ்பூர்ல நாலரைக்கே இருட்டிடுமே! கிரவுண்டுல வெளையாடவே முடியாதே! அதுவும் இதானா?”

அதுவும் இதுதான். தேஜ்பூர் 92.8 பாகை. அங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 11.19-க்கே. பதான்கோட் 75.6. அங்கே 12.27. அந்த ஊரில் காலையில் இருட்டாகவே இருக்கும்போது எழுப்பிவிடுவேன் என்று பெரியவள் என்மேல் பழைய வழக்கை எடுத்தாள். எத்தனை புத்தகத்தில் தீர்க்கரேகையைப் படித்திருப்பேன், எனக்கு அது பரீட்சைக்கு எழுதிய ஒரு பதில், அவ்வளவுதான். இவர்களுக்கு அது விளையாட முடியாமல் போன சாயங்காலம், எழுந்திருக்க மனசில்லாத குளிர்க்காலை. ஊர் ஊராகச் சுற்ற வைத்து என் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று அழுதிருக்கிறேன். அந்தக் கோயில் நிழலில் அந்த பாரம் எனக்குக் கொஞ்சம் இறங்கியது.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதமாட்டேன். அறிவியல் பாடத்துக்கு ஆய்வுக்கூடம் இல்லை. பெரியவளுக்குத் தன் வயசுத் தோழி ஒருத்தியும் இந்த ஊரில் இல்லை, அதை நினைத்தால் மனசு கனக்கிறது. எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடமே லீவு. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் யூனிஃபார்மில் திரும்பி வரும்போது சின்னவள் வாசலில் நின்று பார்ப்பாள். அவளுக்கு ஆசையிருந்தால் அடுத்த ஜூனில் இங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கலாம் என்று நானும் அவரும் பேசியிருக்கிறோம். அடுத்த மூவ் வரைக்குமாவது போகட்டும்.

விரிஞ்சிபுரத்திலிருந்து திரும்பியதும் மூடியில் ஒரு அட்டவணை போட்டார்கள். ஊர், பாகை, சூரியன் உச்சிக்கு வரும் மணி. வேலூர் 12.13, செகந்திராபாத் 12.16, பதான்கோட் 12.27, தேஜ்பூர் 11.19. கடைசி வரிசையில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக ‘அப்பா’ என்று எழுதியிருந்தார்கள்.

அன்று ராத்திரி அவருக்கு சிக்னல் கிடைத்தது. நடுவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். “அப்பா, நாளைக்கு ஒரு குச்சிய நட்டு வையி. நெழலு எப்போ ரொம்பக் குட்டையா ஆவுதோ அந்த மணிய மட்டும் சொல்லு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். “டேய் தம்பி, அதச் சொன்னா நான் எங்க இருக்கேன்னு நீ கண்டுபிடிச்சிடுவியே. லீவுல வரும்போது சொல்றேன்டா.”

நடுவன் போய் அந்தக் கட்டத்தைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டான். தினமும் மூடியைத் துடைக்கிறோம். அந்த ஒரு கட்டத்தை மட்டும் யாரும் துடைப்பதில்லை.