விரூபாக்ஷ குகையில் அரை மணி நேரம்

திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியன்று வந்து, 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, விடியும் முன் பஸ் ஏறுகிறவர்கள்தான் அதிகம். அது பெரும் பாக்கியம். ஆனால் ‘என் மனசு என்ன சொல்கிறது, எதற்காக இந்தப் பிறவி’ என்ற தவிப்போடு வருகிறவர்கள், கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் காலையிலேயே மலையேற வேண்டும்.

ரமணாசிரமத்தின் பின்வாசலில் கல் பாவிய பாதை தொடங்குகிறது. நிதானமாக நடந்தால் அரை மணியில், ரமணர் பின்னாளில் தங்கியிருந்த கந்தாசிரமம். வெறுங்காலோடு ஏறுவதானால் கல் சுடுவதற்குள் இறங்கிவிடுங்கள். தண்ணீர் போதும், தின்பண்டப் பையைக் கண்டால் குரங்குகள் விடாது.

அங்கிருந்து சற்றுக் கீழே விரூபாக்ஷ குகை. பகவான் ரமண மகரிஷி 1899 முதல் 1916 வரை இருந்த இடம். உள்ளே விரூபாக்ஷ தேவர் என்ற பழைய துறவியின் சமாதி, விபூதி மேடாக இருக்கிறது. 1902-ல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் இங்கே வந்து ‘நான் யார்?’ என்று கேட்டார். மௌனத்தில் இருந்த பகவான் பதில்களை எழுதிக் காட்டினார்.

உட்காரும்போது பலரும் தவறுவது இங்கேதான். ‘நான் யார், நான் யார்’ என்று மந்திரம்போல உருப்போடுகிறார்கள். அது ஜபம், ‘நான்’ எது என்று உள்ளே ஆராயும் விசாரம் ஆகாது. எண்ணம் வரட்டும், அதன் பின்னால் ஓடாமல், ‘இது யாருக்கு வந்தது?’ என்று பாருங்கள். ‘எனக்கு’ என்று தோன்றும். அந்த ‘நான்’ எங்கிருந்து எழுகிறது என்று கவனத்தை அங்கேயே திருப்புங்கள். நூறு முறை நழுவினாலும் நூறு முறையும் இதையேதான் செய்ய வேண்டும். சிதையைக் கிளறும் தடி கடைசியில் தானும் எரிந்துபோவதுபோல அந்தக் கேள்வியும் அழிந்துவிடும் என்கிறார் பகவான். ஆகவே ‘வேலையை விடு’, ‘ஊருக்குப் போ’ என்று ஒரு குரல் உத்தரவு தரும் என்று காத்திருக்காதீர்கள். அப்படிக் கேட்பதும் இன்னோர் எண்ணம்தான். அதையும் யாருக்கு என்று கேளுங்கள்.

குகைக்குள் காற்றோட்டம் குறைவு, வெக்கை அதிகம். கோடையில் பகவானே மாமரத்துக் குகைக்கு மாறிவிடுவார். கண் சொருகினால் போராட வேண்டாம், வெளியே வந்து உட்காருங்கள். முதல் நாள் அரை மணி போதும்.

ஊர்ப்பக்கம் இறங்கும் வழி செங்குத்து. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துவதற்குள் கோயிலை அடைந்தால், ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கத்தைத் தரிசிக்கலாம். 1896-ல் வீட்டை விட்டு வந்த பகவான், பதினாறு வயதுப் பிள்ளையாக, பூச்சிகள் கடிப்பதுகூடத் தெரியாமல் அமர்ந்திருந்தது அங்கேதான்.