சுவருக்குப் பின்னால்

கனடாவின் ஒன்டாரியோவில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பிடிபட ரொம்ப நாள் எடுத்த விஷயம் சுவர். ஊரில் சுவர் என்றால் செங்கல்லும் சிமெண்ட் பூச்சும். ஒரு அலமாரி மாட்ட வேண்டுமென்றால் ஆள் வந்து டிரில் போட்டு, ராவல் பிளக் அடித்து, ஸ்க்ரூவை முறுக்கிவிட்டுப் போவார். எந்த இடம் என்று யோசிக்கவே வேண்டாம், சுவர் தாங்கிக்கொள்ளும். இங்கே சுவரைத் தட்டினால் காலிப் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது. அரை அங்குலத் தடிமனில் ஜிப்சம் பலகை, அதன் இரண்டு பக்கமும் காகிதம். இதற்குப் பெயர் டிரைவால். வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் வீடு மாதிரி இருக்கும். புறநகர் வீடுகளில் பெரும்பாலும் அந்தச் செங்கல் மேல்தோல்தான், கூரையின் பாரத்தைச் சுமப்பது உள்ளே நிற்கும் மரச்சட்டங்கள்.

இந்தச் சட்டங்களை ஸ்டட் என்கிறார்கள். பெயர் ‘டூ பை ஃபோர்’ என்றாலும் அளந்து பார்த்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். பெரும்பாலும் ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 16 அங்குலம், சில சுவர்களில் 24. கனமான எதையும் இந்தச் சட்டத்தில்தான் மாட்ட வேண்டும். அதைக் கண்டுபிடிக்க ஸ்டட் ஃபைண்டர் என்று ஒரு கருவி விற்கிறார்கள். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் எனக்கு அதைவிட நம்பகமாக இருப்பது ஒரு சின்னக் காந்தம். டிரைவாலைச் சட்டத்தோடு பிணைத்திருக்கும் ஸ்க்ரூக்கள் பெயிண்டுக்கு அடியில் வரிசையாக இருக்கும். காந்தத்தைச் சுவரில் மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் ‘டக்’கென்று ஒட்டிக்கொள்ளும். அதற்கு நேர் மேலேயும் கீழேயும் இன்னும் ஒன்றிரண்டு இடத்தில் ஒட்டினால் சட்டம் அங்கேதான்.

அப்புறம் டிரில். முதலில் வருவது வெள்ளைத் தூள், மாவு மாதிரி. அரை அங்குலம் உள்ளே போனதும் கையில் ஒரு எதிர்ப்பு தெரியும், தூளின் நிறம் மாறி மஞ்சளாக மரச்சீவல் சுருண்டு வரும். அது வந்தால் நிம்மதி. வெள்ளைத் தூளோடு நின்று, பிட் சட்டென்று உள்ளே விழுந்தால் பின்னால் வெற்றிடம் என்று அர்த்தம். லேசான படச்சட்டமென்றால் டிரைவாலுக்கென்றே விற்கும் ஆங்கரைப் போட்டுச் சமாளிக்கலாம், டிவிக்கு அது ஆகாது. மூன்றாவதாக ஒன்று உண்டு: பிட் இரும்பில் பட்டது போல வழுக்கும். அப்போது அழுத்தவே கூடாது. ஒயரோ குழாயோ சட்டத்தின் விளிம்புக்கு மிகப் பக்கத்தில் போகும் இடங்களில் ஆணி படாமலிருக்க இரும்புத் தகடு அடித்திருப்பார்கள். ஸ்விட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளை போடாமலிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். ஒயர் சட்டத்தை ஒட்டியே செங்குத்தாக ஏறி இறங்கும்.

ஸ்க்ரூ என்றதும் இன்னொன்று. இந்த நாட்டில் பாதி ஸ்க்ரூக்களின் தலையில் சதுரக் குழி இருக்கும். பி. எல். ராபர்ட்சன் என்ற கனடாக்காரரின் கண்டுபிடிப்பு, 1909-இல் காப்புரிமை வாங்கினார், தொழிற்சாலை இதே ஒன்டாரியோவின் மில்டன் ஊரில் இருந்தது. ஸ்க்ரூடிரைவரின் நிறத்தை வைத்தே அளவைச் சொல்லிவிடலாம்: மஞ்சள், பச்சை, சிவப்பு, கறுப்பு என்று சின்னதிலிருந்து பெரியது. ஊரிலிருந்து கொண்டுவந்த ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இதில் நுழையவே நுழையாது. சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றும் இருந்தால் வீட்டு வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். ஏணி மேல் நின்று ஒற்றைக் கையால் வேலை செய்யும்போதுதான் அந்த மனிதரின் அருமை தெரியும், ஸ்க்ரூ நுனியிலேயே நின்றுகொள்ளும், கீழே விழாது.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். பல வருடமாக இங்கே இருப்பவர், எந்த வேலைக்கும் ஆள் கூப்பிடாதவர். நாங்கள் குடிவந்த புதிதில் கைகுலுக்கிவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வியே, “தம்பி, தண்ணி எங்க பூட்டுறதெண்டு தெரியுமே?” எனக்குத் தெரியவில்லை. “முதல்ல அதைப் பாரும். மற்றதெல்லாம் பிறகு” என்று பேஸ்மென்டுக்குக் கூட்டிப்போனார். தெருவிலிருந்து வரும் குழாய் வீட்டுக்குள் நுழையும் இடத்தில், மீட்டருக்குப் பக்கத்தில் மெயின் வால்வு. ஒவ்வொரு டாய்லெட்டுக்கும் சிங்குக்கும் அடியில் தனித்தனியாகச் சின்ன வால்வுகள். எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொன்னார். வருடக்கணக்கில் தொடாத வால்வு இறுகிப்போயிருக்கும், அது தெரியவருவது குழாய் வெடித்த ராத்திரியாக இருக்கக்கூடாதே.

அவர் காட்டியதில் எனக்குப் புதிதாக இருந்தது தோட்டத்துக் குழாய். குளிர் வருமுன் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட வேண்டும். உள்ளே அந்தக் குழாய்க்கான வால்வை மூட வேண்டும். பிறகு வெளியே போய்க் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். உள் வால்வின் பக்கவாட்டில் சின்ன மூடி ஒன்று இருந்தால் அதையும் தளர்த்தினால் மிச்சம் தேங்கிய தண்ணீர் சொட்டி வடியும், கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது, செப்புக் குழாய் அதற்கு இடம் கொடுக்காது, கிழிந்துவிடும். விரிசல் விட்டது குளிர்காலம் முழுக்கத் தெரியாது. வசந்தத்தில் ஆசையாகக் குழாயைத் திறக்கும்போது தண்ணீர் தோட்டத்துக்குப் போகாமல் சுவருக்குள் போகும். காகிதமும் மரமும் நனைந்தால் அடுத்து வருவது பூஞ்சை.

இந்த நாட்டு வீடுகளில் குளிரைவிடப் பெரிய எதிரி தண்ணீர்தான் என்பது என் எண்ணம். செங்கல் சுவர் நனைந்தால் காயும், டிரைவால் நனைந்தால் ஊறி உதிரும். அதனால் புதிதாக வீடு வாங்குகிறவர் எந்த வேலையில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், பெயிண்ட் அடிப்பதைச் சொல்ல மாட்டேன், குளியல் தொட்டி சுவரோடு சேரும் ஓரத்தில், இடைவெளியில் தண்ணீர் இறங்காமல் அடைக்கும் சிலிகான் பசை போடுவதைத்தான் சொல்வேன். பழைய சிலிகானின் மேலேயே புதிதைப் பூசினால் ஒட்டாது. பிளாஸ்டிக் சுரண்டியால் பழையதை முழுக்க எடுத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும், சலிப்பூட்டும் வேலை இதுதான். பிறகு இடைவெளிக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைக்க வேண்டும். தொட்டி மரத்தரை மேல் உட்கார்ந்திருக்கிறது, பாரம் ஏறினால் கொஞ்சம் இறங்கும், இடைவெளி விரியும். விரிந்த நிலையில் போட்டால்தான் பின்னால் ஆள் இறங்கும்போது பிய்ந்து வராது. சிலிகான் டியூபின் நுனியைச் சாய்வாக வெட்டி, அதைப் பிதுக்கும் ‘கன்’ கருவியை ஒரே சீராக அழுத்திக்கொண்டு கோடு இழுத்து, ஈர விரலால் ஒருமுறை மட்டும் நீவிவிட்டு, சிலிகான் இறுகுமுன் டேப்பை உரித்துவிட வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தொட்டியைத் தொடக்கூடாது. வீட்டில் ஒரே குளியலறை என்றால் இதை எல்லாரிடமும் முன்கூட்டிச் சொல்லிவைப்பது நல்லது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்று ஃபில்டரை மாற்றுவதெல்லாம் வேலையே இல்லை. அதன் ஓரத்தில் போட்டிருக்கும் அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு அங்குல ஃபில்டரென்றால் ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றிவிடுவது வழக்கம். புகை அலாரத்தின் பின்புறம் தயாரித்த தேதி இருக்கும், பத்து வருடம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்ற வேண்டும், பேட்டரியை மாற்றினால் போதாது.

சரி, தொடக்கூடாதவை. கேஸ் லைனில் கை வைக்கவே கூடாது, அதற்கென்று சான்று பெற்றவர்தான் தொடலாம். மின்சாரம் கொஞ்சம் சிக்கலானது. ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் தன் வீட்டு வயரிங்கைத் தானே செய்யச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் பெரும்பாலான வேலைகளுக்கு மாகாண மின் பாதுகாப்பு ஆணையத்திடம் அறிவிப்பு பதிந்து, பரிசோதனைக்கு விட வேண்டும். காசு கொடுத்துச் செய்வதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும், ‘வயரிங் தெரிந்த நண்பர்’ அந்தக் கணக்கில் வரமாட்டார். நம்மவர்களிடையே இந்த நண்பர் ரொம்பப் பிரபலம் என்பதால் சொல்கிறேன். 1960-களின் நடுவிலிருந்து 70-களின் முடிவு வரை கட்டிய சில வீடுகளில் அலுமினிய ஒயர் இருக்கும், அங்கே பிளக் பாயிண்டைக்கூட நாமாக மாற்றாமலிருப்பது உத்தமம். பழைய வீட்டின் பரணில் சாம்பலும் பொன்னிறமுமாகக் கூழாங்கல் போல ஏதாவது கொட்டிக் கிடந்தால் அது குளிர் தடுக்கப் போட்ட வெர்மிகுலைட்டாக இருக்கலாம், அதில் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்புண்டு. கிளறாமல் இறங்கிவந்து பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இரண்டு அறைகளை ஒன்றாக்கலாமென்று சுவரை இடிக்க நினைப்பவர்கள் மேலே எது அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பொறியாளரிடம் கேட்டு, நகராட்சியில் பெர்மிட் வாங்கிக்கொண்டு சுத்தியலை எடுக்கலாம்.

மண்ணைத் தோண்டுவதற்கும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. வேலிக்குக் குழி போடுமுன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம், கட்டணம் கிடையாது. அவர்கள் சொல்லி ஆட்கள் வந்து, மண்ணுக்கடியில் லைன் போகும் இடங்களில் புல்லில் பெயிண்டால் கோடு போட்டுவிட்டுப் போவார்கள்: மஞ்சள் கேஸ், சிவப்பு மின்சாரம், நீலம் தண்ணீர், ஆரஞ்சு தொலைபேசி, இணையம். குழி நான்கு அடி ஆழம் வேண்டும், மேலோட்டமாக நட்டால் குளிரில் மண் உறைந்து கம்பத்தை மேலே தூக்கிவிடும். எங்கள் பின்பக்க வேலி அப்படித்தான் சாய்ந்து நிற்கிறது, முந்தைய சொந்தக்காரர் நட்டது. பனி கரைந்ததும் பிடுங்கி நடலாம் என்று அண்ணையிடம் சொன்னேன். குழி தோண்டும் மெஷினை வாடகைக்கு எடுப்போம், அவருடைய பக்கத்தில் ஆடும் இரண்டு கம்பங்களையும் அதே நாளில் பார்த்துவிடலாம் என்றார்.