நான்கே பேரைக் கண்ட தொகுதி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டை நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்தவர்கள் 1955 முதல் இன்றுவரை நால்வர் மட்டுமே: துன் வீ.தி. சம்பந்தன், சாமிவேலு, டாக்டர் மைக்கல் ஜெயகுமார், இப்போது கேசவன். நால்வரும் இந்தியர்கள் என்பதால், வெளியூர் நண்பர்கள் இதை இந்தியர் தொகுதி என்றே எண்ணிக்கொள்கிறார்கள். வாக்காளர் பட்டியலில் இந்தியர்களின் பங்கு ஐந்தில் ஒன்றை ஒட்டியதே என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். மீதியெல்லாம் மலாய்க்காரர்கள், சீனர்கள், மலையோரத்துத் தெமியார் பூர்வகுடியினர். இத்தொகுதி யாருக்கு, எதனால் பாதுகாப்பான தொகுதியாக இருந்தது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கிலிருந்துதான் விடை தேட வேண்டும்.

சம்பந்தன் இவ்வூரிலேயே 1919இல் பிறந்தவர், ரப்பர் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். 1955ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று நடந்த முதல் பொதுத்தேர்தலில், அப்போது கிந்தா உத்தாரா என்று வழங்கிய தொகுதியில் நின்று வென்றார். அத்தேர்தலில் நாடு முழுவதும் பதிவு பெற்றிருந்த வாக்காளர்களில் ஏறக்குறைய 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள். தோட்டத்து மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே கிடைத்திராத காலம் அது. மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் ம.சீ.ச., இந்தியர்களின் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) ஆகிய மூன்று கட்சிகளும் சேர்ந்த கூட்டணியின் பாய்மரக் கப்பல் சின்னம்தான் அவரைக் கரை சேர்த்தது. அன்று தொடங்கி 2004 வரை தொடர்ந்து பன்னிரண்டு பொதுத்தேர்தல்களில் ம.இ.கா. இங்கே தோற்கவில்லை. சம்பந்தன் நான்கு முறையும், 1974இல் அவரிடத்துக்கு வந்த சாமிவேலு எட்டு முறையும் வென்றார்கள்.

இவ்வட்டாரத்து வாக்கு வரைபடத்தை முதலில் வரைந்தது தேர்தல் ஆணையம் அன்று, கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க ஆங்கிலேயர் கொண்டுவந்த அவசரகாலம் என்பேன். 1948ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பின்னர், காட்டில் இருந்த கிளர்ச்சியாளர்களுக்கு உதவி போகாதபடி, காட்டோரங்களில் சிதறிக் குடியிருந்த சீனர்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் காவலுக்கு வசதியாக ஒன்றுகூட்டப்பட்டன. மலாய்க் கம்பம் (கிராமம்), புதுக்கிராமம், லயம் என்று இனவாரியாகப் பிரிந்து வாழ்ந்த மக்கள், அப்படியே தனித்தனி வாக்குச்சாவடிகளுக்கும் போனார்கள். எந்தச் சாவடியில் எந்த இனம் எப்படி வாக்களித்தது என்பதைக் கட்சிக்காரர்கள் மறுநாள் காலைத் தேநீருக்குள் சொல்லிவிட முடிந்ததற்கு இதுதான் காரணம்.

தோட்டத்து வாக்கு மட்டும் பல காலம் கேள்வியின்றி ஒரே பக்கம் விழுந்தது. அதை அறியாமை என்று எளிதாக ஒதுக்கிவிடுகிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற தோட்டத் துண்டாடலில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தபோது, 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கிக் காட்டியவர் சம்பந்தன். அந்த நன்றி வீட்டுக்கு வீடு இருந்தது. 1974 முதல் சின்னம் தராசாக மாறிய பிறகும் அது நெடுநாள் தொடர்ந்தது. எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர், வாக்களிக்கப் போகும்போதெல்லாம் என் அப்பாவிடம், "கப்பலத்தான்டா தேடுறேன், அந்தத் தாள்ல கப்பலயே காணோமே" என்று குறைபட்டுக்கொள்வார். அவருடைய தங்கைக்கு அந்தக் குறைகூட இல்லை. சாகும்வரை, குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்தவருக்குத் தாளே கிடைக்கவில்லை.

2008ஆம் ஆண்டு மார்ச் 8 இரவு, ஒரு பள்ளி வகுப்பறையில் வாக்கு எண்ணும் முகவராக உட்கார்ந்திருந்தேன். நம் நாட்டில் ஒவ்வொரு சாவடியிலும் வாக்காளர்களை வயது வரிசைப்படி சாலுரான்களாகப் பிரிக்கிறார்கள். முதல் சாலுரானில் முதியவர்கள், கடைசியில் இளையவர்கள். எண்ணிக்கையும் சாலுரான் வாரியாகவே நடந்து, போராங் 14 என்ற தாளில் எழுதிக் கையொப்பமிடப்படுகிறது. முதல் அறையிலிருந்து வந்த தாளில் தராசு வசதியாக முந்தியிருந்தது. எங்களோடு இருந்த ம.இ.கா. முகவர் ஒருவர் கைப்பேசியில் யாருக்கோ நல்ல செய்தி சொன்னார். இரண்டாவது தாளில் இடைவெளி குறைந்தது. கடைசி சாலுரானின் பெட்டியைக் கவிழ்த்தபோது, ஜெயகுமார் நின்ற கெஅடிலான் கட்சியின் கண் சின்னத்துக்கான அடுக்கு மேசையில் உயர்ந்துகொண்டே போயிற்று. அவர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். முந்தைய ஆண்டு நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர்கள் உரிமை கேட்டுத் திரண்ட இண்ட்ராஃப் பேரணி எங்கள் பக்கத்து வீடுகளில் என்ன செய்திருந்தது என்பதை அந்த அடுக்கில்தான் கண்ணால் பார்த்தேன்.

அன்று ஜெயகுமார் 16,458 வாக்குகளும் சாமிவேலு 14,637 வாக்குகளும் பெற்றார்கள். வித்தியாசம் 1,821, அதாவது 911 பேர் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு மாறியிருக்கும். தமிழர்கள் கோபித்துக்கொண்டதால் கோட்டை விழுந்தது என்றே இன்றும் பேசப்படுகிறது. அது பாதி உண்மைதான். ஐந்தில் ஒரு பங்கினர் மட்டும் கோபித்தால் ஒரு தொகுதி கைமாறாது. சீனர்களின் வாக்கும் மலாய் வாக்கில் ஒரு பகுதியும் அதே நாளில் பெயர்ந்ததால்தான் நம்முடைய கோபத்துக்கு எடை கிடைத்தது. ஜெயகுமார் 1999இலும் 2004இலும் இதே சாமிவேலுவை எதிர்த்து நின்று தோற்றவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

2013இல் அவர் ம.இ.கா.வின் தேவமணியை 2,793 வாக்குகளில் வென்று தொகுதியைத் தக்கவைத்துக்கொண்டார். 2018இல் நடந்ததுதான் என்னை இன்றும் உறுத்துகிறது. அந்தத் தேர்தலில் கண் சின்னம் கேசவனுக்குப் போயிற்று; ஜெயகுமார் தம்முடைய சோசலிசக் கட்சியின் சார்பில் தனித்து நின்றார். பத்தாண்டுகள் எங்கள் நில வழக்குகளுக்கும் மருத்துவமனை அலைச்சல்களுக்கும் உடன் நின்ற மருத்துவருக்கு 1,505 வாக்குகள் விழுந்தன, வைப்புத்தொகையும் போயிற்று. கேசவனோ 5,607 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அவருக்குத்தான் என் வாக்கும். ஆட்சி மாற வேண்டும் என்ற அவசரத்தில் அப்படிச் செய்தேன். கப்பலைத் தேடிய பாட்டியைவிட நான் பெரிய அரசியல் விவேகி என்று சொல்லிக்கொள்ள இடமில்லை.

2022 நவம்பர் 19 அன்று ம.இ.கா. தன் தேசியத் தலைவர் விக்னேஸ்வரனையே இங்கு நிறுத்திப் பார்த்தது. பதினெட்டு வயது நிறைந்தோர் விண்ணப்பிக்காமலே பட்டியலில் சேர்க்கப்பட்ட முதல் பொதுத்தேர்தல் அது. கேசவன் 1,846 வாக்குகளில் தப்பினார். அடுத்த சில நாள்களில் இரு தரப்புக் கூட்டணிகளும் மத்தியில் ஒரே அரசாங்கத்தில் அமர்ந்துகொண்டன. போட்டி போட்டு வாய்ச்சண்டையில் முறைத்துக்கொண்ட எங்கள் கிளைத் தொண்டர்கள் பாடுதான் சங்கடமாகிப்போனது.

பட்டியலில் தோட்டப் பெயர்களைத் தாங்கிய வாக்களிப்பு வட்டாரங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது; குடும்பங்கள் ஈப்போவுக்கும் ஷா ஆலமுக்கும் போய்விட்டன. ஆனாலும் அடையாள அட்டையில் முகவரியை மாற்றாதவர்கள் பலர் வாக்களிப்பு நாளன்று விடியற்காலையிலேயே வந்து, பள்ளித் திடலில் காரை நிறுத்திவிட்டு வரிசையில் நிற்கிறார்கள். கடந்த முறை என் முன்னால் நின்ற இளைஞருக்கு இந்தத் தோட்டத்தில் எந்தப் பக்கம் தன் தாத்தா வீடு இருந்தது என்று தெரியவில்லை. நான்தான் செம்பனை மரங்களுக்கு நடுவே கையை நீட்டிக் காட்டினேன்.