அம்மிச்சியின் மூக்குத்தி

லீவுக்குக் கொழிஞ்சாம்பாறை வந்தா அம்மிச்சி கேட்கிற கேள்வி: "ஏங் கண்ணு, மூக்குச்சளியப் பாக்கறதுக்கா வேலந்தாவளம் தாண்டி கோயமுத்தூர் போற?"

சளி இல்லீங்க அம்மிச்சி. சளியே இல்லாத மூக்குலயும் குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியா. லேப்ல அதைத்தான் ஆராயறேன். ஏறக்குறைய மூணு பேர்ல ஒருத்தர் மூக்குல இருக்கும், பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அதுல மருந்துக்கு அடங்காத ரகம்தான் எம்ஆர்எஸ்ஏ. மெத்திசிலின்கிற ஆன்டிபயாடிக் வந்தது 1959. 1961லயே எதிர்ப்பு கண்டுபிடிச்சாச்சு. மெக்ஏ என்கிற ஜீன், மருந்து சரியா ஒட்டாத ஒரு புரதத்தைச் செஞ்சு செல்சுவரைக் கட்டிக்குது. கில்லாடி.

எனக்குப் பிடிச்சது வேற. மூக்குல இருக்கும்போது தோல் செல்லைப் பிடிச்சுக்கிற புரதத்துக்கான ஜீன்கள் வேலை செய்யும், நச்சு ஜீன்கள் பெரும்பாலும் அடங்கியிருக்கும். எந்த ஜீன் ஓடுது, எது தூங்குதுன்னு, ஓடுற ஜீன்ல இருந்து செல் எடுக்கிற நகலான ஆர்என்ஏவைப் பிடிச்சாத்தான் தெரியும். பாக்டீரியாவுல இந்த நகலுக்கு (எம்ஆர்என்ஏ) ஆயுசு சில நிமிஷம். டீ ஆறுறதுக்குள்ள போயிரும். நம்ம விரல்ல இருக்கிற என்சைம் பட்டாலே காலி.

போன வியாழக்கிழமை கரண்ட் போச்சு, ஆர்என்ஏ வச்சிருந்த ஐஸ் கரைஞ்சுது. ஆர்என்ஏ உடையாம இருந்தா, அதை ஓட்டிப் பாக்கற ஜெல்லுல பளிச்சுன்னு ரெண்டு கோடு தெரியணும். கீழ மங்கலா ஒரு தீற்றல்தான். மூணு வார வேலைங்க! கையுறையைக் கழட்டி வீசிட்டு கேண்டீன் போயிட்டேன்.

"அப்ப என் மூக்குலயும் இருக்குமா சாமி?"

"இருக்கலாம் அம்மிச்சி. ஃபாரத்துல கையெழுத்துப் போட்டீங்கன்னா பஞ்சுக்குச்சி விட்டுப் பாத்துரலாம்."

"மூக்குத்தியெல்லாம் கழட்ட மாட்டேன், சொல்லிப்போட்டேன்."