30 நொடி மிதி, 15 நொடி இளைப்பாறல்

சைக்கிளில் நூறு கிலோமீட்டர் ஓட்டத் திணறுகிறவரிடம் "இன்னும் அதிக தூரம் ஓட்டுங்கள்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதில் தப்பில்லை. ஆனால் வாரத்துக்கு ஆறு மணி நேரமே கிடைக்கிறவருக்குத் தூரத்தை எவ்வளவுதான் கூட்ட முடியும்? அவருக்கு நான் பரிந்துரைப்பது 30 நொடி வேகமாக மிதித்து 15 நொடி இளைப்பாறும் 30/15 பயிற்சி.

நார்வேயில் ரோன்னஸ்டாட் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். நன்கு பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களில் ஒரு குழு 30 நொடி வேகம், 15 நொடி தளர்வு என்று செய்தது. இன்னொரு குழு ஐந்து நிமிட நீண்ட சுற்றுகளைச் செய்தது. வாரம் இரண்டு நாள், பத்து வாரம். உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் குழுவுக்கு 8.7 சதவீதம் கூடியது, இரண்டாவது குழுவுக்கு 2.6 சதவீதம்தான்.

காரணம் அந்த 15 நொடியில் இருக்கிறது. தொடைத் தசை கொஞ்சம் தெளிய அது போதும். இதயமும் நுரையீரலும் அடங்க அது போதாது. அதனால் கால் தாங்கும், மூச்சு மட்டும் உச்சத்திலேயே நிற்கும். ஓய்வை 30 நொடியாக நீட்டினால் மூச்சு ஓரளவு இறங்கிவிடும், பயிற்சியின் வீரியம் குறையும்.

ஒரு செட் என்பது 13 முறை. அதாவது ஒன்பதரை நிமிடம். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் லேசாக மிதிக்க வேண்டும். மொத்தம் மூன்று செட். முன்பின் செய்யாதவர்கள் முதல் இரண்டு வாரம் 8 முறை கொண்ட இரண்டு செட்டோடு நிறுத்திக்கொள்ளலாம். தொடங்கும் முன் 20 நிமிடம் வார்ம் அப், அதன் கடைசியில் மூன்று சிறு வேக முடுக்கல்கள். ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கவே கூடாது.

எவ்வளவு வேகம்? மிதிக்கும் விசையை வாட்டில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால், 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி வரும் சராசரி வாட்டில் 95 சதவீதத்தை எடுங்கள். அதுதான் உங்கள் எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட். அது 200 வாட் என்றால் 30 நொடிக்கு 230 முதல் 240 வாட், 15 நொடிக்கு அதில் பாதி. மீட்டர் இல்லாதவர்களுக்கு மூச்சுதான் மீட்டர்: நாலாவது நிமிடத்தில் ஒரு சொல்லுக்கு மேல் பேச வரக்கூடாது, ஆனால் இன்னும் ஐந்து நிமிடம் தாங்கும் என்று தோன்ற வேண்டும். இதயத் துடிப்பைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள். அது தாமதமாகத்தான் ஏறும். முதல் இரண்டு நிமிடம் குறைவாகவே காட்டும். அதை நம்பி அழுத்தினால் ஏழாவது முறையிலேயே தொடை கல்லாகிவிடும். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முதல் மூன்று முறை "இவ்வளவு சுலபமா?" என்று தோன்றினால் சரியாகப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

15 நொடியில் கியரைத் தொடாதீர்கள். பெடலை நிறுத்தவும் வேண்டாம். நிமிடத்துக்கு 95 சுற்று போய்க்கொண்டிருந்த காலை 75க்கு இறக்கி, அழுத்தத்தை மட்டும் விடுங்கள். தோள் தளரட்டும், ஒரு நீண்ட மூச்சை வெளியே தள்ளுங்கள், அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் ஓட்டும் ஸ்மார்ட் ட்ரெய்னரில் செய்கிறவர்கள், குறித்த வாட்டுக்கு ஏற்பச் சுமையைத் தானே மாற்றும் எர்க் மோடை அணைத்துவிடுங்கள். சுமை ஏறி இறங்கவே அதற்குச் சில நொடி பிடிக்கும், 15 நொடியில் பாதி வீணாகும். போதாததற்கு, பெடல் சுற்றும் வேகம் குறைந்தால் அது சுமையைக் கூட்டும். கூட்டக் கூட்டக் கால் இன்னும் மெதுவாகும், கடைசியில் பெடல் அப்படியே நின்றுவிடும். வீட்டுக்குள் என்றால் முகத்துக்கு நேரே பெரிய மின்விசிறி வேண்டும். சாலையில் என்றால் வேகத்தடையும் குறுக்குச் சந்தும் இல்லாத நீளமான தடம் அவசியம். களைப்பில் கண் ஹேண்டில்பாருக்கு இறங்கிவிடும், நெரிசல் சாலையில் அது ஆபத்து.

வாரம் இரண்டு நாள் போதும், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. மற்ற நாட்களில் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம்தான். அந்த நாட்களிலும் வேகத்தைக் கூட்டினால் பயிற்சி நாளன்று கால் எழும்பாது. மூன்று வாரம் செய்து, நாலாவது வாரம் ஒரே ஒரு நாள், இரண்டு செட் மட்டும்.

ஒவ்வொரு செட்டின் சராசரி வாட்டையும் குறித்து வையுங்கள். மூன்றாவது செட் முதல் செட்டைவிட 5 சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அடுத்த முறை 10 வாட் குறைத்துத் தொடங்குங்கள். மூன்றும் சமமாக வந்தால் 5 வாட் கூட்டுங்கள்.